பழைய படகு என்ஜினின் டீசல் பம்பு: காசிமேட்டில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என்ஜின் சரியில்லை என்று கரைக்கு வரும் விசைப்படகில் டிரைவர் வாயிலிருந்து முதலில் வருவது, "பம்பு போயிருச்சுண்ணே" என்பதுதான். கறும்புகை வந்தாலும் பம்பு, இழுவை குறைந்தாலும் பம்பு, காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் பம்பு. இறங்கிப் பார்த்தால் பெரும்பாலும் டேங்கில் தண்ணீர் தேங்கியிருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ஏதோ ஒரு காப்பர் வாஷர் வழியாகக் காற்று எடுத்துக்கொண்டிருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் பம்பைக் கழற்றி, பெரும் பணம் செலவழித்துப் புது எலிமென்ட் (பம்புக்குள் டீசலைத் தள்ளும் ஜோடி) போட்டு மாட்டுகிறார்கள். அதே தண்ணீர் அடுத்த தங்கலில், அதாவது பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போகும்போது, புது எலிமென்ட்டையும் அரித்துவிடுகிறது.

ஐடிஐ முடித்துவிட்டு துறைமுகத்துக்கு வரும் தம்பிகளுக்கும், அப்பாவின் படகை ஏற்று நடத்தப் போகிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். பம்பை உள்ளே பிரித்து மாட்டுவது இதில் இருக்காது. அது டெஸ்ட் பெஞ்ச் (பம்பை ஓட்டி அளந்து பார்க்கும் மேடை) வைத்திருப்பவரின் வேலை. படகில் நின்றபடி நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பம்பின் ஆயுளைத் தீர்மானிப்பதும் அந்த வேலைகள்தான்.

முதலில் உங்கள் பம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கத்துப் படகுகளில் பழைய லேலண்ட், கிர்லோஸ்கர் என்ஜின்கள் இன்னும் ஓடுகின்றன. லேலண்ட் தொழிற்சாலை எண்ணூரிலேயே இருக்கிறது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி அது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் போன அதே என்ஜின்கள் கடலுக்கும் வந்ததால் உதிரிபாகமும், வேலை தெரிந்த ஆட்களும் இங்கே கிடைப்பது நமக்கு வசதி.

இந்த என்ஜின்களில் அதிகம் பார்ப்பது வரிசை பம்பு, அதாவது இன்லைன் பம்பு. பாஷ் கம்பெனி 1927-லேயே இதைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் மைக்கோ என்ற பெயரில்தான் இது பழக்கம். பக்கவாட்டில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதில் பிஇஎஸ் 6ஏ 90டி என்பது போல ஒரு குறி இருக்கும். பிஇ என்றால் பம்புக்குள்ளேயே சொந்தமாக கேம் ஷாஃப்ட் (மேடுகள் வைத்த சுழலும் தண்டு) உண்டு. 6 என்பது ஆறு சிலிண்டருக்கான ஆறு எலிமென்ட். ஏ என்பது பம்பின் அளவு. 90 என்றால் டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் விட்டம் 9 மில்லிமீட்டர். பிஎஃப் என்று தொடங்கினால் அதில் கேம் ஷாஃப்ட் இல்லை. என்ஜினின் கேம்தான் அதைத் தள்ளும். ஒற்றை சிலிண்டர் என்ஜின்களில் இதைப் பார்க்கலாம். தகட்டில் இருப்பதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, போனில் படமும் எடுத்து வையுங்கள். உப்புக்காற்றில் அந்த எழுத்து அழிந்துவிட்டால் பிறகு சரியான எலிமென்ட் வாங்குவதே பெரும்பாடு.

ஒவ்வொரு எலிமென்ட்டும் ஒரு பிளஞ்சர், அது ஏறி இறங்கும் உருளையான ஒரு பேரல் சேர்ந்த ஜோடி. இரண்டுக்கும் நடுவே ரப்பர் சீல் எதுவும் கிடையாது. இடைவெளி 2 முதல் 4 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு நுண்மை என்று புரியும். இந்த நெருக்கம் இருப்பதால்தான் 175, 200, 250 பார் என்று என்ஜினுக்கு ஏற்ற அழுத்தத்தில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்கும் அளவுக்கு டீசலைத் தள்ள முடிகிறது. தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி என்பதால் மூன்றாம் சிலிண்டர் பிளஞ்சரை நான்காம் சிலிண்டர் பேரலில் போடக்கூடாது. பேரலுக்கு மேலே இருந்து நாசில் பைப்புக்கு டீசலை விடும் டெலிவரி வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இதே கதைதான்.

பிளஞ்சரின் பக்கத்தில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ராக் என்கிற பல்சட்டம் நகரும்போது எல்லா பிளஞ்சர்களும் ஒன்றாகத் திரும்பும். அந்தச் சாய்வு வெட்டு எந்த இடத்தில் துளையைத் திறக்கிறது என்பதைப் பொறுத்து டீசலின் அளவு கூடும், குறையும். ராக்கை நகர்த்துவது, என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: பிளஞ்சருக்கு எண்ணெய் போடுவதும் அந்த டீசலேதான். டீசலில் தண்ணீர் கலந்தால் அந்த 2 மைக்ரான் இடைவெளியில் வழவழப்பு போய்விடும். உப்புத் தண்ணீர் என்றால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். சில படகுகளில் சி.ஏ.வி. வகை ரோட்டரி பம்பு இருக்கும். அதில் தனி எண்ணெய்ப் பெட்டியே இல்லை. உள்ளே அத்தனை பாகமும் டீசலையே நம்பி இருப்பதால் தண்ணீர் அதற்கு இன்னும் கெடுதல்.

டேங்கிலிருந்து தொடங்குங்கள்

காலையில் படகு அசைவதற்கு முன், டேங்க் அமைதியாக இருக்கும்போதே அடிக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், வெள்ளைக் கண்ணாடி பாட்டில்தான் நல்லது. பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல டீசல் வெளிர் மஞ்சளாகக் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாக உருண்டு, பாட்டிலைச் சாய்த்தால் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். டீசலே மங்கலாக, பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் இன்னும் பிரியாமல் நுண்துளிகளாகக் கலந்து நிற்கிறது என்று பொருள். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பாக, சளி போலத் தொங்கும் நார் தெரிந்தால் அது பூஞ்சையும் பாக்டீரியாவும். அதற்கு டேங்கைக் காலி செய்து ஆள் இறங்கித் துடைப்பதைத் தவிர வழியில்லை. இறங்குமுன் டேங்கைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட்டு, மேலே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். டீசல் ஆவி நிறைந்த டேங்கில் தனியாக யாரும் இறங்கக்கூடாது.

தெளிந்த டீசல் வரும்வரை வடித்துக்கொண்டே இருங்கள். வடித்ததைக் கடலில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து கரையில் கொடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தேடுங்கள். மேல்தளத்தில் இருக்கும் டீசல் மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். காற்றுக் குழாயின் வாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் அலை அடிக்கும்போதெல்லாம் உள்ளே போகும். அதைக் கொக்கி போல வளைத்துக் கீழ்நோக்கி வையுங்கள். பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவில் ஈரம் வியர்த்து இறங்கும். அதனால் கரைக்கு வந்ததும் டேங்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். மீன்வளர்ச்சிக் கழகத்தின் பங்க்கில் மானிய டீசல் போடும்போதும், கேனில் வாங்கி ஊற்றும்போதும் சல்லடை வைத்த புனல் இல்லாமல் ஊற்றாதீர்கள்.

மண்ணெண்ணெய் கலக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. விலை குறையலாம், ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு. பிளஞ்சர் சீக்கிரம் தேயும். இன்னொன்று, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்பது பி.எஸ்.6 டீசல். இதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. கந்தகத்தை எடுக்கும்போது போகும் வழவழப்பை வேறு சேர்மானம் போட்டு ஈடுகட்டித்தான் விற்கிறார்கள். அதனால் நல்ல பங்க் டீசலில் நீங்கள் எதையும் கலக்கத் தேவையில்லை. பழைய பம்பின் இறுகிப்போன ரப்பர் வளையங்கள் மட்டும் கசியலாம். கசிந்தால் புது டீசலுக்குத் தாங்கும் சீல் செட் கேட்டு வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

ஃபில்டர்

லாரிக்காரர்கள் கிலோமீட்டர் கணக்கில் மாற்றுவார்கள். படகில் மணிக் கணக்குதான். பத்து நாள் தங்கலுக்குப் போன படகின் என்ஜின் இரவும் பகலும் ஓடினால் 240 மணி ஆகிவிடுகிறது. கையேட்டில் 250 மணி என்று போட்டிருந்தால் ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு ஃபில்டர் என்று அர்த்தம். 'மூன்று மாதம்தானே ஆகிறது' என்று விடுவதில்தான் பாதிப் பம்பு பாழாகிறது. மணி மீட்டர் இல்லாத படகில் டிரைவரிடம் நோட்டு போடச் சொல்லுங்கள்.

மாற்றும்போது வெளியே டீசலும் பிரஷ்ஷும் வைத்து முழுக்கச் சுத்தம் செய்த பிறகே கழற்றுங்கள். நூல் நூலாகப் பிரியும் காட்டன் வேஸ்ட்டை அந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம். துவைத்த பனியன் துணி போதும். புது ஃபில்டரில் மேலே டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுகிறவர்கள் உண்டு. நடுத் துளை வழியாக ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போகும். காலியாக மாட்டிவிட்டு, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து நிரப்புங்கள். கொஞ்சம் கை வலிக்கும், பரவாயில்லை. ஃபீட் பம்பின் அடியில் ஒரு சின்னக் கிண்ணமும் வலையும் இருக்கும். நிறையப் பேர் அதை மறந்தே போகிறார்கள். ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் அதையும் கழுவி மாட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஓடிச் சூடான பம்பின் மேல் குளிர்ந்த தண்ணீரை அடிக்காதீர்கள். மீன் இறக்கிவிட்டு என்ஜின் ரூமை ஹோஸ் போட்டுக் கழுவுகிற அவசரத்தில் இது நடக்கிறது. வெளி உடம்பு சட்டென்று சுருங்கி உள்ளே பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும்.

காற்று எடுத்தல்

ஃபில்டர் மாற்றினாலும் டீசல் தீர்ந்தாலும் லைனில் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கும், டீசல் அமுங்காது. அதனால் காற்று இருக்கும்வரை நாசில் திறக்காது. வெளியேற்றும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. டேங்க் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.
2. ஃபில்டர் மேல் இருக்கும் காற்றுத் திருகை இரண்டு சுற்று தளர்த்தி, கைப் பம்பை அடியுங்கள். நுரை நின்று, குமிழி இல்லாத டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள்.
3. அடுத்து பம்பின் உடம்பில் இருக்கும் காற்றுத் திருகு. அதே முறை.
4. நாசில் பக்கத்தில் உள்ள ஹை பிரஷர் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக வைத்து என்ஜினைச் சுற்றுங்கள். நட்டில் டீசல் விட்டு விட்டுத் துடித்து வந்ததும் இறுக்குங்கள்.
5. கைப் பம்பின் பிடியைத் திரும்பப் பூட்டுங்கள். திறந்தே விட்டால் அதன் வழியாகவே காற்று உள்ளே போகும்.

ஒவ்வொரு நாளும் காலையில் இப்படிக் காற்று எடுக்க வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஃபீட் பம்புக்குப் பிறகு ஓட்டை என்றால் டீசல் சொட்டும், கண்ணில் படும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே என்றால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. உள்ளே காற்று மட்டும் போகும். அந்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கு, உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு ஹோஸ் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் அதற்கு முன்னால் இருக்கும் ஜாயின்ட்டுகள்தான் குற்றவாளி. டீசல் பைப்பை இணைக்கும் துளையிட்ட போல்ட்டான பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷரைத் திரும்பத் திரும்ப அதையே போட்டு இறுக்காதீர்கள். புதிது வாங்கிப் போடுங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் போனால் எந்த அளவும் கிடைக்கும்.

ஓடும் என்ஜினில் ஹை பிரஷர் பைப் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு அட்டையைப் பிடித்தால் போதும், நனையும். கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளையிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே தசை அழுக ஆரம்பித்து விரலை, சில நேரம் கையையே எடுக்க வேண்டி வரும். அப்படி நடந்தால் அடுத்த நிமிடமே ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். 'ஹை பிரஷரில் டீசல் உள்ளே போயிருக்கிறது' என்று டாக்டரிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். புண் சின்னதாக இருப்பதால் அவர்களும் சாதாரணமாக நினைக்க வாய்ப்புண்டு.

பம்பின் சொந்த எண்ணெய்

பழைய வரிசை பம்புகளில் கேம் ஷாஃப்டுக்கும் கவர்னருக்கும் தனியாக எண்ணெய் இருக்கும். ஒரு குச்சியோ பக்கத் திருகோ வைத்து அளவு பார்க்கலாம். என்ஜின் ஆயில் பார்க்கும்போதே இதையும் பாருங்கள். அளவு குறைந்தால் ஊற்றினால் போதும். அளவு ஏறினால்தான் யோசிக்க வேண்டும். டீசல் கீழே இறங்குகிறது. எலிமென்ட் தேய்ந்திருக்கலாம் அல்லது ஃபீட் பம்பின் தண்டு தேய்ந்திருக்கலாம். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், மெலிந்து டீசல் வாசம் அடிக்கும். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர். சில பம்புகளுக்கு என்ஜின் ஆயிலே குழாய் வழியாக வரும். அங்கே இதே தேய்மானம் என்ஜின் ஆயில் அளவை ஏற்றும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பம்போடு சேர்த்து பேரிங்கும் போகும்.

எந்த சிலிண்டர், எந்தக் கோளாறு

பம்பைக் குற்றம் சொல்லுமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. கறும்புகையா? காற்று வடிகட்டியைப் பாருங்கள், ப்ரொபெல்லரில் பழைய வலை சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். என்ஜினுக்குச் சுமை கூடினால் கவர்னர் டீசலைக் கூட்டத்தான் செய்யும். வெள்ளைப் புகையா? எரியாத டீசல் வெளியே வருகிறது. நாசில் ஒழுகலாம், டைமிங் (டீசல் பீய்ச்சத் தொடங்கும் நேரம்) தள்ளியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். நீலப் புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது, பம்புக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. ஐட்லிங்கில் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் முதலில் காற்று, பிறகு ராக் இறுக்கம், கடைசியில்தான் கவர்னர்.

ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கவில்லை என்று தோன்றினால் ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு பைப் நட்டாகத் துணியால் மூடித் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் என்ஜின் சத்தம் இறங்கும். எதைத் தளர்த்தியும் மாற்றம் இல்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. அதன் நாசிலைப் பக்கத்து சிலிண்டர் நாசிலோடு மாற்றி மாட்டுங்கள். கோளாறு நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசில்தான். அங்கேயே நின்றால் பம்பு, அல்லது கம்ப்ரஷன். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பம்பைக் கழற்ற யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டெலிவரி வால்வைக் கரையிலேயே சோதிக்கலாம். என்ஜினை நிறுத்தி, அந்த சிலிண்டரின் பைப்பைக் கழற்றி, கைப் பம்பை அடியுங்கள். ஃபீட் பம்பின் சின்ன அழுத்தத்துக்கு வால்வு திறக்கக் கூடாது. வால்வை மேலிருந்து பிடித்திருக்கும் ஹோல்டரின் வாயில் டீசல் ஊறி ஊறி வழிந்தால் வால்வு அமரவில்லை. அதற்காக ஹோல்டரைப் பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்க வேண்டாம். கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கினால் கீழே இருக்கும் பேரல் நெளிந்து, ராக்கே நகராமல் போகும்.

ராக் லகுவாக ஓடுகிறதா என்று ஒவ்வொரு தங்கலுக்கு முன்னும் பாருங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது ஸ்டாப் லீவரை இழுத்து விட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். மெதுவாக, தயங்கித் தயங்கி வந்தால் அந்தப் படகை வெளியே விடாதீர்கள். ராக் முழு டீசலில் மாட்டிக்கொண்டால் என்ஜின் கட்டுப்பாடில்லாமல் வேகம் பிடிக்கும். அப்போது காற்று நுழையும் வாயை ஒரு தடித்த பலகையால் அடைப்பதுதான் உடனடி வழி. கையால் மூடக்கூடாது, துணியால் மூடினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பலகை என்ஜின் ரூமில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

கழற்றி மாட்டும்போது டைமிங்

பம்பு கடைக்குப் போக வேண்டும் என்று உறுதியானால், கழற்றுமுன் முதல் சிலிண்டரை கம்ப்ரஷன் முடிவுக்குக் கொண்டுவாருங்கள். நான்கு சிலிண்டர் என்ஜினில் நான்காவதின் வால்வுகளும், ஆறு சிலிண்டரில் ஆறாவதின் வால்வுகளும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் தறுவாயில் இருந்தால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருக்கிறது. கப்ளிங்கிலும் ஃபிளாஞ்சிலும் உளியால் மெல்லிய குறி போடுங்கள். பெயின்ட் குறி டீசலில் கரைந்துவிடும். பைப்புகளை எந்த வரிசையில் எடுத்தீர்களோ அதே வரிசையில் மாட்டுங்கள். எல்லா பைப்புகளும் ஒரே நீளத்தில் செய்யப்பட்டவை. வளைத்து நிமிர்த்தி, வெட்டிச் சுருக்கி மாட்டக் கூடாது. அதிர்வுக்காகப் போட்ட கிளாம்ப்பையும் விடாமல் போடுங்கள். திறந்த வாய் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் மூடி.

திரும்ப மாட்டியதும் ஸ்பில் முறையில் டைமிங் பார்ப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பொறுமை வேண்டும். முதல் சிலிண்டரின் டெலிவரி ஹோல்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து சுத்தமான டீசல் கிண்ணத்தில் போடுங்கள். இருக்கை அங்கேயே இருக்கட்டும். ஹோல்டரை வெறுமனே மாட்டி, அதன் மேல் வளைந்த ஒரு சின்னக் குழாயை வையுங்கள். ராக்கை முழு டீசலுக்குத் தள்ளிக் கட்டுங்கள். டேங்கிலிருந்து டீசல் தானாக இறங்கி அந்தக் குழாயில் ஒழுகும். இப்போது என்ஜினை அது ஓடும் திசையிலேயே, கம்ப்ரஷனை நோக்கி, மெல்ல மெல்லச் சுற்றுங்கள். தாண்டிப்போனால் பின்னால் திருப்பி நிறுத்தாதீர்கள். கியர் பல்லின் தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும். கால் சுற்று பின்னே போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள்.

முதலில் டீசல் விரல் தடிமனில் வரும். பிளஞ்சர் ஏறி துளையை மூடத் தொடங்கியதும் நூலாக மெலியும், பிறகு சொட்டாகும், சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி நீளும். சொட்டு நிற்கும் அந்தப் புள்ளிதான் பம்பு டீசலைத் தள்ளத் தொடங்கும் இடம். அங்கே நிறுத்தி ஃபிளைவீலைப் பாருங்கள். உங்கள் என்ஜின் தகட்டிலோ கையேட்டிலோ சொன்ன டிகிரிக் குறி முள்ளுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கத்துப் படகின் அளவைக் கேட்டு வைக்காதீர்கள். ஒரே கம்பெனி என்ஜினிலேயே மாடலுக்கு மாடல் வேறு. தாமதமாக இருந்தால், ஃபிளாஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, பம்பின் உடம்பை அதன் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் திருப்புங்கள், முந்தும். முடிந்ததும் வால்வையும் ஸ்பிரிங்கையும் கிண்ணத்திலிருந்து எடுத்து மறக்காமல் உள்ளே போடுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

கேலிப்ரேஷன் என்பது டெஸ்ட் பெஞ்சில் வைத்து ஒவ்வொரு லைனும் ஒரே அளவு டீசல் தருகிறதா, கவர்னர் சரியான வேகத்தில் வெட்டுகிறதா என்று பார்த்துச் சரிசெய்வது. கொடுக்கும்போது தகட்டு எண்ணையும் என்ஜின் மாடலையும் சேர்த்துச் சொல்லுங்கள். லாரிக்கு வைத்த அளவில் படகு பம்பை வைத்துவிடக் கூடாது. பெஞ்சில் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள், மாற்றிய பழைய எலிமென்ட்டுகளையும் கேளுங்கள். பழைய பிளஞ்சரை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்லது கண்ணாடியாக மின்னும். தூசி போன பிளஞ்சரில் சாய்வு வெட்டுக்கு மேலே, மங்கிய பட்டையாக நுண்ணிய கோடுகள் நெடுக்காகத் தெரியும். தண்ணீர் போனதில் பழுப்புப் புள்ளிகள் குழிகுழியாக இருக்கும். டேங்கில் தேட வேண்டியது என்ன என்று அந்தப் பிளஞ்சரே உங்களுக்குச் சொல்லிவிடும்.

விலை குறைவு என்று புதுப்பேட்டையில் பழைய பம்பு வாங்கிப் போடலாமா என்று கேட்பார்கள். உடம்பு, கேம் ஷாஃப்ட், ஹவுசிங் போன்றவற்றுக்கு வாங்கலாம். எலிமென்ட்டும் டெலிவரி வால்வும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். பம்பில் ஈய முத்திரை வைத்துப் பூட்டிய திருகு ஒன்று இருக்கும், அதிகபட்ச டீசலுக்கானது. 'கொஞ்சம் திறந்தால் இழுவை கூடும்' என்று டிரைவர்கள் கேட்பார்கள். திறக்காதீர்கள். கூடுகிற டீசல் எரிய சிலிண்டரில் காற்று இல்லை. கறும்புகையும் வெடித்த பிஸ்டனும்தான் மிஞ்சும்.

தடைக்காலத்தில்

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பம்பு வேலைக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் எல்லோரும் ஜூன் முதல் வாரத்தில்தான் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைக்காரர் அவசரத்தில் செய்கிற வேலை உங்களுக்குத்தான் நஷ்டம். ஏப்ரல் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள்.

பம்பு படகிலேயே இருக்கப் போகிறது என்றால், டேங்கை வடித்து, நிரப்பி, புது ஃபில்டர் போட்டு, பம்பு எண்ணெயை மாற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை சூடேறும்வரை ஓட்டினால் போதும். படகு கரையேறி நின்றால் கூலிங்குக்குக் கடல் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றி, லீவரை முன்னும் பின்னும் அசைத்து ராக்கை நகர்த்தி விடுங்கள். கழற்றி வைத்த பம்பு என்றால் கடையிலேயே கேலிப்ரேஷன் ஆயில் நிரப்பி, எல்லா வாயையும் மூடித் தரச் சொல்லுங்கள்.

புயலிலோ வேறு விபத்திலோ தண்ணீர் ஏறிய என்ஜினுக்குக் கணக்கே வேறு. 2016 வர்தா புயல் சமயத்தில் போல என்ஜின் மூழ்கிவிட்டால், ஓடுகிறதா என்று பார்க்கிற ஆசையில் செல்ஃப் அடிக்காதீர்கள். பம்பை வெளியே எடுத்து, நல்ல தண்ணீரில் வெளிப்புற உப்பைக் கழுவி, உள்ளிருக்கும் எண்ணெயை வடித்து, பம்பு முழுதாக முங்கும் அளவுக்கு டீசல் நிரப்பிய பக்கெட்டில் போட்டு மூடி, அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். டீசலுக்குள் இருக்கும்வரை துரு பரவாது. காற்றில் காய வைத்தால்தான் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்.

மறுபடி கடலுக்குப் போகும்முன்

தடைக்காலம் முடிந்து முதல் ஸ்டார்ட்டை ஜூன் 14 ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நாலைந்து நாள் முன்பே செய்யுங்கள். டேங்கை வடியுங்கள், கண்ணாடி பாட்டிலில் பாருங்கள், காற்றை எடுங்கள், ராக்கை அசைத்துப் பாருங்கள். பலகை கைக்கு எட்டும் இடத்தில் இருக்க, ஒருவர் ஸ்டாப் லீவரில் கை வைத்துக்கொள்ள, மற்றவர் ஸ்டார்ட் செய்யட்டும். ஐட்லிங்கில் ஒரு மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, சூடாக இருக்கும்போது ஒவ்வொரு நட்டையும் பேன்ஜோவையும் கசிவுக்குப் பாருங்கள். ஹை பிரஷர் பைப்புக்கு அட்டை. பம்பு எண்ணெயின் அளவைக் குறித்து வைத்து, முதல் தங்கல் முடிந்து வந்ததும் திரும்ப அளந்து பாருங்கள். இரண்டு மாதம் அசையாமல் கிடந்த டேங்கின் அடியிலிருந்து அழுக்கு கிளம்புவது அலையில்தான். அதனால் முதல் தங்கலுக்கு ஒரு ஃபில்டர் செட் உபரியாகவும், அளவான ஸ்பேனரும் கொஞ்சம் காப்பர் வாஷரும் ஒரு டப்பாவில் போட்டு டிரைவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.